தப்பான படத்துக்கு ஒரு முன்னுரை

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே வெயில். கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் ஏசி ரிப்பேர். வேலை ஓடவில்லை, நினைப்பெல்லாம் எங்கள் திரைப்படக் கழகத்தின் அடுத்த சனிக்கிழமைக் காட்சியில்.

கழக வேலை: ஹால் சாவி வாங்க. ஃபேன் பார்க்க. போஸ்டர். வாட்ஸப் அறிவிப்பு. அண்ணாச்சியிடம் பேச.

கடைசி வேலையைத் தவிர எல்லாம் ஆயிற்று.

போன மாதம், கழகத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஞானதுரை அண்ணாச்சி படத்துக்கு முன்னுரை சொல்லும்போது, சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். புரொஜெக்டர் பார்க்கும் யூசுப், காயல்பட்டினத்துக்காரர், மெதுவாகக் கேட்டார்: "செல்வியக்கா, அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

தெரியாது என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மெர்சி அக்கா, அண்ணாச்சியின் மனைவி. கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஏளா, இவுகளுக்கு எல்லாம் மறக்குது. முந்தாநாளு மார்க்கெட்டுக்குப் போன மனுசன் வீட்டுக்கு வழி கேட்டிருக்காக. எதுத்த கடைக்காரர்தான் கூட்டியாந்தாரு."

"டாக்டர்ட்ட காட்டலையாக்கா?"

"எப்படிக் கூப்பிடுவேன்? கூப்பிட்டா ஏன்னு கேப்பாகல்லா. அவுகளுக்கே இது தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாக. நீயும் சொல்லிராத. ஆனா மேடையில பேச வேண்டாம்னு மட்டும் எப்படியாவது சொல்லிரு. நாலு பேரு முன்னால..."

முடிக்கவில்லை. சரி என்றேன். ஏன் சரி என்றேன்?



மார்ச் 12, புதன்

ஆபீஸ் விட்டு அண்ணாச்சி வீட்டுக்கு. சனிக்கிழமை போடும் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கழகத்தின் கதை. எனக்கு மனப்பாடம்: துறைமுகத்தில் வேலை பார்த்த நாலு சிநேகிதர்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி முதல் காட்சி. கிணறு வெட்டுகிறவனைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். பாதிப் படத்தில் காற்று வந்து வேட்டியைத் தூக்கிப்போனது. ஜனம் எழுந்து போகாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கழகத்தில் சம்பளம் வாங்கியவர் இதுவரை ஒருவரும் இல்லை. நாற்காலி துடைப்பதும் நாங்கள்தான். கொரோனாவில் ஹாலைப் பூட்டியபோது அண்ணாச்சி ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் போட்டுப் படக் கதை சொன்னார். எனக்கு வந்த போன் நினைவிருக்கிறது. அம்மா இறந்த வாரம். ஒரு மணி நேரம் சொன்னார்.

மேடையில் பேச வேண்டாம் என்று அந்த மனுசனிடம் எப்படிச் சொல்ல?

சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்த மெ. அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மார்ச் 15, சனி

காட்சி முடிந்து இப்போதுதான் வீடு.

நல்ல கூட்டம். நாசரேத்திலிருந்து ஒரு வாத்தியார் அஞ்சாறு பேரோடு வந்திருந்தார், இன்றைக்குப் போடவிருந்த ரயில் படத்துக்காகவே. போஸ்டரிலும் ரயில் படம்தான். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். தடுமாற்றமே இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் காதில் விழுந்தது. கிணறு. கயிறு. அடியில் நிற்கிறவன் மேலே பார்க்கும் வட்டமான வானம்.

அவர் பேசிக்கொண்டிருந்தது கழகத்தின் முதல் காட்சிப் படத்தைப் பற்றி. அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. ஹாலில் செருமல்கூட இல்லை. நாசரேத் வாத்தியார் மட்டும் போனில் போஸ்டரைத் தேடுவது தெரிந்தது.

குனிந்தபடி யூசுப்பிடம் ஓடினேன். "கிணத்துப் படம் லேப்டாப்புல இருக்கா?"

"இருக்கு."

"அதப் போடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். தேட ஆரம்பித்தார். அண்ணாச்சி நன்றி சொல்லி இறங்கவும் திரையில் கிணறு வரவும் சரியாக இருந்தது.

படம் முடிந்து வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரயில பொறவு பாத்துக்கிடலாம்மா. இத அவரு சொல்லாம பாத்திருந்தா எனக்குப் பிடிபட்டிருக்காது" என்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

தப்பிக்கவில்லை. அண்ணாச்சி தனியாக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நேத்து படியிறங்கும்போது போஸ்டரப் பாத்தேன். எனக்காகத்தான படத்த மாத்துன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

"என் வியாதி எனக்குத் தெரியும்ளா. பாளையங்கோட்டைக்குப் போயி டாக்டரப் பாத்துட்டேன். மாத்திர திங்கேன். மெர்சிக்குத் தெரியாது. சொல்லிராத, பயந்துருவா. அடுத்த மாசத்துல இருந்து நீ பேசு."

சரி என்றேன். மறுபடியும் சரி.

மார்ச் 17, திங்கள்

தூக்கம் இல்லை. ஆபீஸில் ஒரு கப்பலின் பெயரைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கினேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்தருக்கு ஒருத்தர் மறைத்துக்கொண்டு. அண்ணாச்சி தனியாகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார். திரும்பி வர வழி மறந்தால்? அக்காவுக்கு எங்கே தேடுவது என்றுகூடத் தெரியாது. அப்படி ஏதும் ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டிலேயே இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து. "அண்ணாச்சிக்குத் தெரியும்க்கா. அண்ணாச்சி, அக்காவுக்கும் தெரியும்."



மெ. அக்காதான் முதலில் கேட்டார். "பாளையங்கோட்டைக்குத் தனியாவா போனீக?"

"ஆமா."

"பஸ்லயா?"

"ஆமா மெர்சி."

அக்கா அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. அழுதார். அண்ணாச்சி என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

கிளம்பும்போது அடுத்த காட்சிப் பேச்சு வந்தது. அவர் என்னைப் பேசச் சொல்கிறார், நான் அவரை. மெ. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுகளே பேசட்டும். நான் முன்னால இருந்து படத்துப் பேர எடுத்துக் குடுக்கேன்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு காட்சிக்கும் வராதவர்.

என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். வாய்க்குள் நுழையாத வெளிநாட்டுப் பெயர். அடுப்படிக்குப் போகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.