வலது சீட்டில் ஸ்டீயரிங் இல்லை

எங்கே போனாலும் என் இடது பக்கத்திலேயே இருக்கிற செல்விக்கு,

நீ நம்பமாட்டாய், நான் இப்போது போர்ச்சுகல் நாட்டில் இருக்கிறேன். உன் மகள் கவிதா விடவில்லை. "அம்மா போனதுலேர்ந்து பெரம்பலூர், அரியலூர விட்டா வேற எங்கயும் நகர மாட்டேங்கிறீங்க"ன்னு சொல்லி டிக்கெட்டைப் போட்டுவிட்டாள். வாடகைக் காரில் பழைய கோட்டை ஊர்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அவள் ஓட்டுகிறாள். மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து போனில் வழி பார்க்கிறார். நான் முன் சீட்டில்.

முன் சீட்டு என்றால் எந்தப் பக்கம் தெரியுமா? வலது பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ், செல்வி. ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது. நம் வேனில் இத்தனை வருஷம் நான் உட்கார்ந்த அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஒன்றுமே இல்லை. கையை எங்கே வைப்பது? வளைவு வந்தால் கால் தானாகப் போய் பிரேக்கை மிதிக்கிறது. அங்கே வெறும் மிதியடி. சாயங்காலம் ஆனால் முழங்கால் விண் விண்ணென்று தெறிக்கிறது.

"கவிதா, லாரி வருதும்மா!"

"அது அவன் ரோட்டுல வரான்ப்பா. நீங்க செத்த கண்ண மூடிக்குங்க."

கண்ணை மூடிக்கொள்ளவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தாள்?

கண் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகுதான் திருச்சிக்குப் போய்க் காட்டினேன். சர்க்கரை என் இடது கண்ணைத் தின்றுவிட்டது. அந்தப் பக்கம் எது வந்தாலும் மங்கல்தான். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். "இடது பக்கம் பாக்க எனக்கு ஆள் இருந்துச்சு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. லீவில் வந்திருந்த கவிதாவுக்குப் புரிந்தது. எழுந்து வெளியே போய் அழுதாள்.

"ஏங்க, ஆடு நிக்குது." "ஏங்க, பஸ்ஸு ஒட்டி வரான், ஒதுங்குங்க." நான் தூங்கிவிடக்கூடாது என்று ஏர்போர்ட் சவாரிக்கெல்லாம் கூடவே வந்து, வாய் ஓயாமல் பேசி, என்ன பாடு படுத்துவாய்! அந்தத் தொணதொணப்பு இல்லாமல் இப்போது வேனுக்குள் உட்காரவே முடியவில்லை. ஆனாலும் நான் வேன் ஓட்டுவதை விடவில்லை. நீயே சொல், பெரம்பலூர் ஸ்டாண்டில் வேன் இல்லாமல் நான் யார்? அதன் சாவியை இங்கேயும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஓபிடுஸ் என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றிலும் மதில், அதன் மேலேயே நடக்கலாம். எப்படி இருக்கிறது என்று கவிதா கேட்டாள். "நம்ம ரஞ்சன்குடிக் கோட்டைக்குள்ள நாலு காபிக் கடை வச்சாப்ல இருக்கு" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த மதில் மேலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஊருக்குப் போனதும் வேன கொடுத்துடுங்கப்பா."

"கொடுத்துட்டு?"

"வூட்ல இருங்க."

"வூட்ல இருந்து செவுத்தப் பாக்கவா?"

"யாராச்சும் குறுக்க வந்துட்டா என்னப்பா பண்ணுவீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

நான் அவளை விட்டு முன்னால் நடந்தேன். எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல். அப்புறம் இரண்டு நாள் காரில் மாப்பிள்ளையின் போன் மட்டும்தான் பேசியது.

எவோராவும் மதில் சூழ்ந்த ஊர்தான். நேற்று மாப்பிள்ளையின் போன் எங்களை அதன் கோட்டை வாசல் வழியாக ஒரு சந்துக்குள் இறக்கிவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். போகப் போகக் குறுகியது. "போன் ரைட்டுன்னுதான் சொல்லுது மாமா" என்றார். கடைசியில் பார்த்தால் முன்னால் படிக்கட்டு! பின்னாலேயே எடுத்து, வளைவு திரும்பி வெளியே வரவேண்டும். கண்ணாடி சுவரில் உரசிக் கிறீச்சென்றது. ஒரு ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் என்னவோ கத்தினாள். கவிதா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியலப்பா. நீங்க எடுங்க."

யார் சொன்னது? வண்டியைத் தொடாதே என்றவள்! ஒடுங்கி ஒடுங்கி இறங்கி வந்து எனக்கு இடம் விட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். போய் உட்கார்ந்தேன், ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், உயிர் வந்தது. ரிவர்ஸ் போட்டு இடது கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்த சுவரே தெரியவில்லை. வண்டி லேசாக நகர்ந்ததும் மாப்பிள்ளை அலறினார், "மாமா, செவுரு!"

நிறுத்திவிட்டேன். அங்கேயே அழுகை வந்துவிட்டது, செல்வி. கவிதா அந்த இடத்தில் நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இறங்கினேன். "நீயே எடும்மா. நான் பின்னால நிக்கிறேன்" என்றேன்.

லப்பைக்குடிக்காட்டுச் சந்துகளில் துபாய்க்காரர்களின் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நீ இறங்கி நிற்பாயே, அதே மாதிரி நின்றேன். தலையை நன்றாகத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தேன். "வரட்டும், வரட்டும். ஸ்டீயரிங்க செத்த ஒடி. வரட்டும்." வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்தினாள், இரண்டு தட்டினால் வந்தாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சின்ன வயதில் நம் வேனின் பின் சீட்டில் உன் புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்று நினைத்தோமே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள்.

வண்டி வெளியே வந்தது. ஜன்னல் அம்மாள் திட்டி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். கவிதா ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். "அம்மா தட்டுற மாதிரியேப்பா" என்றாள். சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் ஸ்டாண்டில் ஒரு நல்ல டிரைவராகப் பார்த்து வேனில் போடுகிறேன். நீ பயப்படாதே, வீட்டிலும் முடங்க மாட்டேன். உன் சீட்டில் உட்கார்ந்து, அவன் தூங்கிவிடாமல் உன்னைப் போலவே பேசிக்கொண்டு வருவேன். கால் பிரேக்கைத் தேடத்தான் செய்யும், அதை ஒன்றும் செய்வதற்கில்லை. கவிதா வரும்போது செட்டிகுளம் மலைக்கு அவளே ஓட்டட்டும். சந்து வந்தால் நான் இறங்கிக்கொள்வேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
இப்போது உன் மகளுக்குக் கிளீனர்