மஞ்சள் கோட்டுக்கு மேலே ஆறு

இன்று காலை படித்துறையில் உட்கார்ந்து பெயின்ட் டப்பாவின் மூடியைச் சாவியால் நெம்பினேன். நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. அந்த நொடியே நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, பைய அடி. கோடு கோணலாப் போனா எவளும் நம்பமாட்டா" என்று அதட்டுவாயே, அதே நிற்பு.

நம் சீவலப்பேரிப் படித்துறையின் பக்கச் சுவரில் மூன்று கோடுகள் போட வேண்டும் என்பது உன் யோசனை; மங்கிப்போனதால் இன்று மறுபடி அடிக்கிறேன். கீழே வெள்ளை. தண்ணீர் அதுவரை இருந்தால் யாரும் குளிக்கலாம். நடுவில் மஞ்சள். அதைத் தொட்டால் பிள்ளைகள் மேலே ஏற வேண்டும், எவரும் ஆற்றைக் கடக்கக் கூடாது. மேலே சிவப்பு. அதன்பிறகு படியில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது. உன் தையல் கடைக்கு வந்த பெண்களிடம் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டே இதைச் சொல்லிக்கொடுத்தாய். சிலர் சிரித்தார்கள். "தண்ணிக்குள்ள காலே வைக்காதவ நமக்குப் பாடம் நடத்துதா" என்று உன் காதுபடவே பேசினார்கள்.

நீ தண்ணீருக்குள் கால் வைக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உன் அண்ணனை ஆறு கொண்டுபோனது. ஊரிலேயே நன்றாக நீந்துகிறவர் அவர். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், மலையில் பெய்த மழை கீழே இறங்கி வந்ததை அவர் அறியவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் நீ சொன்னாய்: "எங்க அண்ணனுக்கு நீச்சல் தெரியும்ட்டி. தண்ணி ஏறுததுதான் தெரியல."

தண்ணீர் ஏறுவதைத் தெரிந்துகொள்ளும் வேலையில்தான் நீ இறங்கினாய். அணை திறக்கும் செய்தி தொலைக்காட்சியில் ஓடும். சோப்புப் போட்டுக்கொண்டு படியில் நிற்பவளுக்கு அது எப்படிக் கேட்கும்? கல்லிடைக்குறிச்சியில் உன் சித்தி, சேரன்மகாதேவியில் உன் மதினி என்று மேலே ஆற்றோரம் வாக்கப்பட்டுப் போன சொந்தக்காரிகளை எல்லாம் கைபேசியில் பிடித்தாய். அங்கே தண்ணீர் ஏறினால் உனக்குச் சொல்ல வேண்டும். நீ ஊருக்குச் சொல்வாய். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போய்க் கனமான நைலான் கயிறு வாங்கினாய். டவுன் பஸ்ஸில் அந்தக் கயிற்றுச் சுருளை மடியில் வைத்திருந்த உன்னைப் பார்த்து நடத்துநர், "என்னக்கா, கப்பல் வாங்கிட்டியளா?" என்றார். "இல்ல, ஒம்ம பொண்டாட்டி எங்க ஊருக்குக் குளிக்க வந்தா இழுத்துப் போடத்தான்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. அந்தக் கயிற்றின் நுனியில் மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டி, படித்துறை மண்டபத்தில் தொங்கவிட்டாய்.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உனக்கே இன்னொரு முறை சொல்கிறேன், கேள்.

காலையில் மதினியின் அழைப்பு வந்தது. "இங்கன செம்மண்ணாக் கலங்கி வருது. கீழ்ப்படி ஒண்ணும் தெரியல. ஆத்துல யாரும் நிக்காவளான்னு பாரு" என்றாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். இருவருமாகப் போய் இந்தக் கரையில் குளித்தவர்களையும் துவைத்தவர்களையும் மேலே ஏற்றினோம். நடவுக்குப் போன பெண்கள் மட்டும் விடியும்போதே முழங்கால் தண்ணீரில் கடந்து அக்கரைக்குப் போயிருந்தார்கள். கைபேசியில் யாரும் கிடைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் பாலம் சுற்றிப் பைக்கில் விரைந்தார். அவர் வயலைத் தொடுவதற்குள் வேலை முடிந்து அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

நாம் படியில் நின்று பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் நடு ஆற்று மணல் திட்டில் நின்று சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஆழம் குறைவு. திட்டுக்கும் நமக்கும் நடுவேதான், விடியலில் முழங்காலளவாக இருந்த இடம் இப்போது வாய்க்கால்போல ஆழமாக ஓடியது. தண்ணீர் மஞ்சளைத் தொட்டிருந்தது.

"திரும்பிப் போங்க! அந்தக் கரைக்கே போயிருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாய்.

பேச்சி அக்கா, அவர்களில் மூத்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "இந்தா தெரியுது வீடு. இதுக்குப் போய் ஊரச் சுத்தி வரவா?"

சொன்னவள் இறங்கியும் விட்டாள். நாலு அடி வைத்திருப்பாள். கால் தரையை விட்டது. தலைச்சுமை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிக்கப் போனேன். அவ்வளவு தூரத்தை நான் எத்தனையோ முறை நீந்தியிருக்கிறேன். நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "நீ எறங்காத! ரெண்டு பேரத் தேட என்னால முடியாது. கயித்த அந்தத் தூண்ல கட்டு!"

கட்டினேன். நீ கேனை வீசினாய். எட்டவில்லை. இழுத்துச் சுருட்டிக்கொண்டு, படியோரக் கம்பியை ஒரு கையால் பற்றி, நீ இறங்கினாய். கணுக்கால் நனைந்தால்கூடப் பதறுகிறவள் இடுப்பளவு செந்நீரில் நின்றாய். இரண்டாவது வீச்சில் கேன் பேச்சி அக்காவுக்கு முன்னால் போய் விழுந்தது.

"கேனப் பிடிக்கா! கட்டிப் பிடி! நீந்தாத, கிட!"

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆறு அவளைக் கீழே இழுக்க, கயிறு அவளைக் கரைப்பக்கம் திருப்ப, நாம் பிடித்து இழுத்தோம். படியில் வந்து விழுந்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு, அவள் பேசிய முதல் பேச்சு: "எந் தூக்குச்சட்டி போச்சே!"

நீ சிரிக்கவில்லை. திட்டின் பக்கம் திரும்பி, "இப்பமாவது கேப்பியளா? கையக் கோத்துக்கிட்டுத் திரும்புங்க!" என்றாய். இந்த முறை ஒருத்திகூட மறுக்கவில்லை. சங்கிலியாகக் கைகோத்து, தொடையளவு தண்ணீரில் பக்கவாட்டாக நகர்ந்து அக்கரை ஏறினார்கள். கடைசிப் பெண்ணின் கால் மண்ணைத் தொட்டதும் நடு ஆற்றைப் பார்த்தோம். திட்டு இல்லை. நுரைதான் ஓடியது.

அப்போது எழுந்தது பார், குலவை! வெள்ளத்தின் இரைச்சலையும் மீறி அக்கரையிலிருந்து அத்தனை நாக்கும் சேர்ந்து போட்ட குலவை. இந்தக் கரைக் கூட்டமும் பதிலுக்குப் போட்டது. பேச்சி அக்கா ஈரத்தோடு உட்கார்ந்தபடியே போட்டாள். நீ படியில் சரிந்து உட்கார்ந்து அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு முறை அழுதாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சுட்டி" என்றாய். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

அதோடு நீ நிற்கவில்லை. அடுத்த சித்திரையில் ஆறு சாதுவாக ஓடியபோது என்னிடம் வந்து, "எனக்கு நீச்சல் சொல்லித் தா" என்றாய். நரை விழுந்த பிறகு! உன் தாடையை என் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாய். கோடை முடிவதற்குள் தனியாக நீந்தி அந்தத் திட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாய். கரையில் முதலில் கைதட்டியது பேச்சி அக்கா.

உனக்கு வந்தது நெஞ்சுவலி. வீட்டில், விளக்கு வைக்கும் பொழுதில், ஒரு பேச்சுக்கு நடுவே போய்விட்டாய். ஆற்றால் உன்னை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நான் கர்த்தரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது மதினி என்னை அழைக்கிறாள். நான் ஊரில் சொல்லிவிட்டு, கீழே ஆழ்வார்திருநகரி வரைக்கும் கைபேசியில் சொல்கிறேன். அங்கே ஒரு வீட்டு மருமகள் எடுத்து, "மேல எப்படிக்கா இருக்கு?" என்பாள். போன வாரம் தண்ணீர் மஞ்சளைத் தொட்டது. நான் மூச்சிரைக்க ஓடிப் போனேன். கீழ்ப்படிகள் காலியாக இருந்தன. பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு பெண்கள் மேல்படியில் நின்றிருந்தார்கள். "என்ன டீச்சர், இப்பம்தாம் வாரியளா? நாங்க அப்பமே ஏறிட்டோம்" என்றாள் ஒருத்தி.

நான் இன்னும் தினமும் நீந்துகிறேன். முன்பெல்லாம் படிக்கு வந்த வேகத்தில் பாய்வேன். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க உன்னுடையது. அது முடிந்த பிறகுதான் ஆறு என்னுடையது.