பத்து மணி வெயில்

15 ஜூலை 1948, வியாழன். மயிலாப்பூர்.

இன்னும் மனசு ஆறவில்லை. ஸ்காட்லாந்தில் என் மகன் யூசுபோடு படித்துவிட்டுக் கப்பலில் திரும்பிய ரஷீது இன்று நோன்பு திறக்க வீட்டுக்கு வந்திருந்தான். "குளிர் தேசம், பையனுக்கு நோன்பு லேசு" என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான். அதையே இவனிடமும் சொன்னேன்.

"இன்னா மாமா, லேசா? அங்க இப்ப ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயும். வெயில் சுடவும் சுடாது, போகவும் போகாது."

நம் ஊர் வெயில் உரித்தெடுத்தாலும் ஏழு மணிக்குள் கடையைக் கட்டிவிடும். யூசுப் ஒரு வார்த்தை எழுதவில்லையே!

உள்ளே என் மனைவி பாத்திமா தன் கஞ்சியை மூடி வைத்துவிட்டாள். பாங்கு சொன்ன பிறகு பட்டினி கிடக்கக் கூடாது என்று கத்தினேன்.

"பேரீச்சம்பழம் வாயில போட்டு நோன்பு தொறந்துட்டேங்க. கஞ்சிய எம்புள்ள குடிக்கிறப்ப குடிக்கிறேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே பொழுது சாயும்போது இங்கே விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிற பக்கிரி பாடிக்கொண்டு வருவார். அவன் நோன்பு திறக்கும் நேரத்தில்தான் நாங்கள் அடுத்த நோன்புக்குச் சாப்பிட உட்காருவோம்.

அவள் தூங்காமல் படுத்திருக்கிறாள். நான் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டேன்.