நகத்துக்கு அடியில் பஞ்சு

சிட்டு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், என் வலது கால் கட்டைவிரலும் நேற்று முதல் நலம். ஒரு மாதமாக நீ போனில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது பொய், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியிலேயே நின்றுவிடும்.

அப்பா போன பிறகு லாண்டரி வேலைக்குத் திரும்பினேன் இல்லையா, அந்த வாரமே நகத்தின் ஓரம் சாக்ஸில் மாட்டி மாட்டி இழுத்தது. விரிப்புகளில் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி பையிலேயே கிடந்தது. பிசிறை அடியோடு வெட்டினால்தான் மறுபடி தலைகாட்டாது, அது எங்கள் வேலைப் பழக்கம். நகத்தையும் அப்படியே நினைத்து மூலையை வளைத்து, கத்தரியைச் சதை வரைக்கும் விட்டு நறுக்கிவிட்டேன். நகம் என்ன துணியா, வெட்டினதும் சும்மா கிடக்க? பத்து நாளில் சதைக்குள் குத்திக்கொண்டு வளர்ந்தது. வலிக்க வலிக்க நான் இன்னும் தோண்டினேன். லாண்டரியில் தரையெல்லாம் ஈரம், ஷூ போடாமல் நிற்கவும் முடியாது. நான் நொண்டுவதைப் பார்த்த சூப்பர்வைசரம்மா, இப்படியே இருந்தா திங்கக்கிழமையிலிருந்து வராதீங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். வேலை போனால்கூடப் பரவாயில்லை சிட்டு, வீட்டில் உட்கார வேண்டுமே. அப்பாவின் நாற்காலியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை மணி நேரம் இருப்பது?

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்தேன். அப்பா காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் கிளம்பிய அன்று உன் அத்தை என்னோடு தங்குகிறேன் என்றாள். அண்ணன் இருந்தவரைக்கும் எட்டிப் பார்க்காதவளுக்கு இப்போது என்ன புதுப் பாசம் என்று கேட்டுவிட்டேன். துக்கத்தில் வாய்க்கு வந்தது. அன்றைக்குப் போனவள், அந்தத் திங்கக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலை நான் கூப்பிடாமலே வந்து வாசலில் நிற்கிறாள். அம்மா குரல் சரியில்லை என்று நீதான் சொன்னாயாமே, நீ நன்றாக இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். இது விரலா தக்காளியா அண்ணி என்றாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும், இருந்திருந்தா நான் கையே வைக்க மாட்டேன், நேரா டாக்டர்கிட்டதான் என்றாள். சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அப்போதும் டாக்டர்தானாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம், நாளைக்கு மூன்று தடவை. ஈரம் போகத் துடைத்து, நகத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அரிசியளவு பஞ்சைத் திரித்து அடியில் வைத்தாள். தினமும் புதுப் பஞ்சு. முதல் நாள் நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். புள்ள பெத்தப்பகூட இப்படிக் கத்தியிருக்க மாட்டீங்க, ஊரைக் கூட்டாதீங்க என்று அதட்டினாள். இனிமே தோண்டாதீங்க, வழி விட்டா நகம் தானா வெளிய வரும் என்று சொல்லி என் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் சொன்ன சொல்லைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே, அன்னைக்கு நான் பேசினது என்று ஆரம்பித்தேன். காலை ஆட்டாதீங்க என்றாள், அவ்வளவுதான். சூப்பர்வைசரம்மாவிடமும் அவளே போய்ப் பேசினாள். என்ன பேசினாளோ, மூன்று வாரத்துக்கு ஈரமில்லாத பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறை மடிக்கும் வேலை கிடைத்தது, செருப்போடே போனேன். அந்த அம்மாவும் கடுகடுப்புதானே தவிர மனுஷிதான். நேற்று நகம் சதையைத் தாண்டி வந்துவிட்டது. நாள் முழுக்க ஷூ போட்டு நின்றேன் சிட்டு. அத்தை இங்கேதான் இருக்கிறாள், இப்போது மதியத் தூக்கம், குறட்டை கேட்கிறது. இந்த வீட்டில் ஒரு சத்தம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம். போ என்று இனிமேல் என் வாயால் சொல்ல மாட்டேன்.

நீயும் நாளெல்லாம் ஷூவில் நிற்கிறவள். நகத்தை நேராக வெட்டு, மூலையைத் தொடாதே. அத்தைக்கு ஒரு போன் போடு, மறந்துவிடாதே. நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்குச் சுகமாக இருக்கட்டும்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று. நேற்று நகம் வெட்டிவிடும்போது, இத்தனை நாள் யார் வெட்டினது என்று அத்தை கேட்டாள். உங்கண்ணன்தான் என்றேன். எனக்கு இடுப்புப் பிடித்ததிலிருந்து என் காலை மடியில் வைத்து அவர்தானே வெட்டுவார், ஒரு நாள்கூட ரத்தம் வந்ததில்லை. அவர் காலை நான் ஒரு தடவைகூட மடியில் வைத்துப் பார்த்ததில்லை சிட்டு. அவருக்கு எங்கேயாவது வலித்துக்கொண்டிருந்திருக்குமா?