நீ ஊற்ற மறுத்த தண்ணீர்

இன்று என் கட்டைவிரலில் சிவப்புச் சாயம். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் காடி வாடை அடிக்கிறது. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வெங்காய வேரின் நுனியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிக் காட்டினேன். வெறும் தண்ணீரில் வளர்ந்த வேர், ஒரு கெடுதலும் இருக்கக் கூடாதது. அதிலேயே குரோமோசோம்கள் உடைந்து கிடந்தன. அந்த ஜாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார் மேலாளர். சாயங்காலத்துக்குள் மேசை காலியாக வேண்டுமாம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் நாம் சேர்ந்து படித்த அந்த ஆய்வகப் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது. நீ மலைமேல் கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து இறங்குவாய், நான் அத்தாவின் மளிகைக் கடையைத் தாண்டி நடந்து வருவேன். என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "பாய் வூட்டுப் பொண்ணு"தான். ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்க, அது கலந்த நீரில் ஒரு வெங்காயத்தையும் சுத்தமான நீரில் இன்னொன்றையும் வேர்விட வைத்து ஒப்பிட வேண்டும் என்றார் சார். சுத்தமான நீர் என்று அவர் வைத்திருந்தது காய்ச்சி வடித்த நீர். உனக்கு அது பொறுக்கவில்லை. உங்கள் மலை ஊற்றைவிட இது என்ன சுத்தம் என்று கேட்டாய். அடுத்த வாரமே கண்டக்டரோடு மல்லுக்கட்டி ஒரு கேன் நிறைய ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாய்.

அந்தத் தண்ணீரில் வேர் கட்டையாக நின்றுவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் உடைசல். வகுப்பே சிரித்தது. ஒப்பீட்டுக்கு வைத்ததே கெட்டால் சோதனை செல்லாது, கொட்டிவிடு என்றார் சார். சோதனை செல்லாது என்பதில் தப்பே இல்லை. ஆனால் நீ ஜாடியை விடவில்லை.

"ஊத்த மாட்டேன் சார். வெங்காயமே தாங்கல, இத்த எங்கம்மா தெனமும் குடிச்சிக்கினு கீறாங்க. இன்னான்னு தெரியாம எப்பிடி ஊத்தறது?"

சிரிப்பு அடங்கியது. வகுப்பு முடிந்தபின் செய்துகொள் என்று சார் விட்டுவிட்டார். தண்ணீரா, கேனா என்று பார்க்கவேண்டும் என்றாய். அத்தா கடையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தேன், வெங்காயமும் அவர் கடையதுதான். அதே ஊற்று நீரைப் பாட்டிலில் ஒன்றும் கேனில் ஒன்றுமாகக் கொண்டுவந்தாய். எது எந்த ஜாடி என்பது உடைசலை எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாதே, எண் ஒட்டியது நான். என் மூஞ்சியைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்று என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு எண்ணினாய்.

பாட்டில் தண்ணீரில் வேர் நன்றாக இருந்தது. கேன்தான் கெட்டது. கச்சிராயபாளையத்தில் கரும்புக் கூலிக்குப் போன உன் அம்மா, களைக்கொல்லி தீர்ந்த கேனைக் கேட்டு வாங்கி வந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்துத் தண்ணீர் பிடித்திருந்தார். வாடை போனால் விஷமும் போயிற்று என்றுதான் உங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். உன் வீடும் அதற்கு விலக்கில்லை.

அன்றே உன்னோடு மலையேறினேன். அரிவாள் மூக்கால் அந்தக் கேனைக் குத்தினாய், அழுதுகொண்டே குத்தினாய். "நல்லாத்தான்டி இருந்திச்சி, நானே தேச்சேன்" என்று உன் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அந்த மாதிரிக் கேன்களைக் கேட்டு வீடு வீடாகப் போனாய். சிலர் கொடுத்தார்கள், சிலர் ஒளித்துவைத்தார்கள், படித்த திமிர் என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் அந்தக் கதவையே மறுபடி தட்டினாய்.

போன மாசம் உன் துக்கத்துக்கு வந்தபோது அங்கே ஒரு பேச்சு. ஆய்வகத்து மருந்துதான் உன்னைக் கொண்டுபோயிற்றாம், பெண்ணுக்கு அந்த வேலை எதற்காம். வைத்தியம் பார்த்தவர்களுக்கே காரணம் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் உன் வேலையின் மேல் பழி போட அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அப்படியே கேட்டேன். சாவு வீட்டில் இப்படியா பேசுவது என்றார்கள். பேசினேன்தான். உன் வீட்டில் பேசாமல் வேறெங்கே பேசுவேன்?

உன்னை நினைத்து அழுது முடிக்கவில்லை இன்னும். ஆனால் இன்று அழவில்லை. கெட்டுப்போன ஜாடி என் மேசைமேல்தான் இருக்கிறது. சற்றுமுன் மேலாளர் எட்டிப் பார்த்து, இன்னுமா இருக்கிறது என்றார்.

"ஊத்த மாட்டேன் சார்" என்றேன்.

அவர் போய்விட்டார். அதே தண்ணீரைத் தனியாகப் பிடித்துப் பார்க்க, நான் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவப் போகிறேன்.