வாத்துப் பக்கத்தில் ஆடு

ஆர்தர் ப்ளாட்ஸ், டாஸ்மேனியா
ஜூலை 24

அன்பு மகள் ப்ரையனிக்கு,

அப்பா எழுதுவது. கோடையிலும் விடாத அபர்டீன் குளிரில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உன் அம்மா நலம், நாய் நலம், நான் மூன்றாமிடம். மூன்று வாரமாக மழை விடவில்லை, பக்கத்துப் பண்ணை மாடுகள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஏதோ வானத்துக் குழாயை நான்தான் திறந்துவிட்டதுபோல் என்னையே முறைக்கின்றன. டாக்டர் என்னைச் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அம்மா அதைப் பேக்கரிக்கே போய்ச் சொல்லிவிட்டாள், இப்போது நான் உள்ளே நுழைந்தாலே அங்கே விற்கும் பெண் கண்ணாடிப் பெட்டியை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள். முப்பத்து நாலு வருஷம் இந்த ஊருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை இது.

உனக்கு அந்தப் பள்ளியில் வாசிப்பு ஆசிரியை வேலை கிடைத்த செய்தியை அம்மா தன் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள், வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு அவசரமாக நின்ற மனிதர்கூட முழுதும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. பள்ளி இணையப் பக்கத்தில் போட உன்னைப் பற்றி நூற்றைம்பது சொல்லில் எழுதித் தரச் சொல்கிறார்கள், உங்களுடையதை அனுப்புங்கள், பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஐந்து வாரமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் பள்ளியிலும் பிப்ரவரியில் வாசிப்புக்கும் சிறப்புக் கல்விக்கும் தனி மையம் திறந்தார்கள், தலைவி ரோசலிண்ட், தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வந்தவள், முனைவர் பட்டம், நல்லவள்தான், ஆனால் வணக்கம் சொன்னாலும் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். எங்கள் ஐந்து பேரின் கல்வி, பயிற்சி, அனுபவம் எல்லாம் படத்தோடு பக்கத்தில் வர வேண்டும் என்றாள். எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். அதைப் படித்தால் இந்த ஊரில் வாசிக்கத் தெரியாத ஆடு மாடுகூட இருக்க முடியாது என்று தோன்றும். என்னுடையதில் சிறப்பு வாசிப்புப் பயிற்சியில் இருபத்தேழு வருஷ அனுபவம், இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், அதில் நூற்றுத்தொண்ணூறு பேர் வெற்றியோடு தேறியவர்கள் என்று எழுதியிருந்தேன். படத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றதில் முகம் பீட்ரூட் மாதிரி வந்தது. உதவியாளர் வோண்டாவின் பெயர் மட்டும் பக்கத்தில் இல்லை. முப்பது வருஷமாகச் சக்கர நாற்காலிக் குழந்தைகளுக்கு ஊட்டி, துடைத்து, எழுத்தும் சொல்லிக்கொடுப்பவள். பட்டம் இல்லாததால் படிவத்தில் அவளுக்கு இடம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தது போதும். வாத்துப் பக்கத்தில் ஆடு கதை உனக்கு நினைவிருக்கும், நூறு தடவை கேட்டவள் நீ, உன் இருபத்தோராவது பிறந்தநாளில்கூட நான் நாற்காலிமேல் ஏறிச் சொன்னேன். இந்த முறை நான் எப்போதும் விட்டுவிடும் பாதியையும் சேர்த்துக் கேள். தொண்ணூற்றெட்டில் கோரி பைபஸுக்கு ஆறு வயது, முதல் வகுப்பில் வாசிப்பில் கடைசி. ஏழு வருஷம் வகுப்பாசிரியனாக இருந்த நான் அப்போதுதான் சிறப்பு வாசிப்புக்கான புதுப் பயிற்சி முடித்து வந்திருந்தேன், தினம் அரை மணி நேரம், இருபது வாரம், ஒரு குழந்தை ஒரு ஆசிரியர். சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று ஊகி, இதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை, நான் அதை வேதம்போல் பிடித்துக்கொண்டேன். கடைசி நாள் சோதனைக்குக் குழந்தை பார்க்காத புத்தகம் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வந்தான், சொதப்பக் கூடாதே என்று முந்தின நாள் நான் கோரிக்கு வாசித்துக் காட்டிய பண்ணைப் புத்தகத்தையே கொடுத்தேன். பையன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். திறந்த பக்கத்தில் குளமும் வாத்தும் இருக்கின்றன, அவன் கண்ணைக் காமிராவில் வைத்துக்கொண்டு, விரலைச் சொற்களுக்குக் கீழே அழகாக நகர்த்திக்கொண்டு, ‘ஆடு எங்கே, ஆடு வேலிக்குப் பின்னால்’ என்று கணீரென்று வாசித்தான். அறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக் போட்டு, வயதுக்கேற்ப வாசிக்கிறான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. மூலையில் பசை துடைத்துக்கொண்டிருந்த வோண்டா சிரிக்கவில்லை. “க்ரேம், அவன் படிக்கல, ஒப்பிக்கிறான். ரெண்டு மாசமா பார்க்கிறேன், படத்தை மறைச்சா வாயே திறக்க மாட்டேங்கிறான்” என்றாள். நான் எல்லோர் முன்னாலும், “வோண்டா, இதை எந்தக் காலேஜ்ல படிச்சே?” என்று கேட்டேன். அதற்கும் அறை சிரித்தது. நல்ல நகைச்சுவைக்காரன் உன் அப்பா. கோரியின் படம் பத்திரிகையில் வந்து, சட்டம் போட்டு, சமீபம் வரை என் வாசிப்பு அறைச் சுவரில் தொங்கியது.

கோரி வளர்ந்து லீஷ்மன் பால் பண்ணையில் வேலைக்குப் போனான், டீகனைக் கட்டினான், இண்டி என்று ஒரு பெண், முதல் வகுப்பு, இந்தத் தவணை என் பட்டியலில் இருக்கிறாள். பால் கறக்கும் குழாய்களைக் கழுவ அங்கே இரண்டு மருந்து, ஒன்று காரம், குளோரின் சேர்ந்தது, இன்னொன்று அமிலம், இரண்டும் ஒன்று சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். பதினான்கு வருஷமாகச் சிவப்புக் கேன், நீலக் கேன், கோரிக்கு அது போதும். மே மாதம் லீஷ்மன் வேறு இடத்தில் வாங்கினார். இரண்டும் வெள்ளைக் கேன், இரண்டிலும் ஒரே மாட்டுப் படம், வித்தியாசம் எழுத்தில் மட்டும். காலைக் கறவை முடிந்து கோரி இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டான். வாசலில் குப்புறக் கிடந்தவனை லீஷ்மன்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பன்னிரண்டு நாள் இயந்திரம் மூச்சு விட்டது அவனுக்காக. முப்பத்து மூன்று வயசு, இப்போது படுக்கையிலிருந்து கழிவறை போவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறான். நுரையீரல் இனி தேறாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனேன், கையில் திராட்சைப் பழம், முகத்தில் என் வழக்கமான ஆஸ்பத்திரிச் சிரிப்பு. மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்ததும் அவன் பள்ளிக்கூடத்தில்போல் நிமிர்ந்து உட்காரப் பார்த்தான். என்னடா நடந்தது என்றேன். டீகன் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, “நீங்கதான சார் சொன்னீங்க, தெரியலன்னா படத்தைப் பாருன்னு. பார்த்தேன். ரெண்டுலயும் மாடு” என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான் பாவி, என்னிடம் கற்றுக்கொண்டது அதுவாவது தேறியிருக்கிறது. சிரிப்பு இருமலாகி, இருமலில் உதடு நீலமாகி, நர்ஸ் ஓடிவந்தாள். அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேலையிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்ததாகவும், கேனில் எழுதியிருந்ததைப் படித்தேன், ஆனால் கவனமில்லாமல் ஊற்றிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்றால், “கவனமில்லாதவன்னு இருந்துட்டுப் போறேன் சார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு இண்டிக்குத் தெரிய வேணாம். ராத்திரி அவளுக்குக் கதை வாசிச்சுக் காட்டுறேன், படத்தைப் பார்த்து நானா கட்டிவிடுறதுதான், அவ நம்புறா. நீங்க சொல்லிடாதீங்க” என்றான். நான் திராட்சையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போய்க் கைகழுவும் தொட்டியில் ஒவ்வொரு பழமாகக் கழுவினேன். டீகன் அங்கே வந்து மெதுவாக, “எனக்குத் தெரியும். கல்யாணமான மூணாம் மாசமே தெரியும். அவர் சொல்ல மாட்டார். நீங்க சொல்லுங்க” என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பாதுகாப்பு அதிகாரி பள்ளிக்கே வந்தாள். உன் வயதுதான் இருக்கும். லீஷ்மன் அவளிடம் சொன்னது இதுதான்: அவனுக்குப் படிக்கத் தெரியும், எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், சந்தேகமிருந்தால் பள்ளிச் சுவரில் அவன் வாசிக்கும் படமே தொங்குகிறது பாருங்கள். படிக்கத் தெரிந்தவன் என்றால் குற்றம் முழுக்க அவன் தலையில். தெரியாதவன் என்றால், கேனை மாற்றியபோது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்காதது லீஷ்மனின் குற்றம். ரோசலிண்ட் பழைய கோப்பைத் தேடி எடுத்துவிட்டாள், என் டிக்குகள், என் கையெழுத்து, எல்லாம் பளிச்சென்று. அதிகாரி வருவதற்கு முன் என்னைத் தனியே அழைத்து, “க்ரேம், இருபத்தேழு வருஷக் கதை. காகிதம் பேசட்டும், நீங்க பேச வேணாம். நாளைக்கு நம்ம இணையப் பக்கம் வெளியாகுது” என்றாள். அதிகாரி அந்தத் தாளைக் காட்டி, இதில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். நான் வாத்துப் பக்கத்தில் ஆடு கதையைச் சொன்னேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன், சிரிப்பு வரும் இடம் அது, பழக்கதோஷம். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பேனாவைத் திறந்து, “அப்போ இந்தக் கையெழுத்து?” என்றாள். என்னுடையது, பொய் என்றேன். அப்போது எச்சரித்தவர் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள், பக்கத்து அறையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த வோண்டாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் கரண்டியோடு வந்து, “ஆமா, சொன்னேன். நான் சொன்னா யாரு கேட்டா” என்று சொல்லிவிட்டு, கஞ்சி ஆறிப்போகும் என்று திரும்பிப் போய்விட்டாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அடுத்த வருஷப் பார்ட்டியில் சொல்ல எனக்கு ஒரு கதையாவது ஆகியிருக்கும்.

லீஷ்மன் பதில் சொல்ல வேண்டும் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். கோரிக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எழுத்தில் வந்துவிட்டது, ஊருக்கே தெரிந்துவிட்டது, இந்த ஊரில் அதற்கு இரண்டு நாளே அதிகம். அவனைப் பார்க்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நியாயம்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் கொடுக்கவில்லை. மையத்தின் இணையப் பக்கம் நான் இல்லாமல் நான்கு பேரோடு வெளியாகிவிட்டது, நான் புதிதாக எழுதிக் கொடுத்ததைப் போட முடியாது என்று ரோசலிண்ட் திருப்பித் தந்துவிட்டாள். உனக்கு அனுப்புவதாகச் சொன்னேனே, இதுதான்: க்ரேம் டல்லக், இருபத்தேழு வருஷ அனுபவம், இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்கலாம் என்று பட்டியல் எடுத்தேன். முதல் பெயரே மீன்பிடிப் படகில் சேர்ந்தவன், ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷம். இரண்டாவது பெயர் கல்லறையில். பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், பூட்டவில்லை.

டீகன் மட்டும் இண்டியை இன்னும் என்னிடம் அனுப்புகிறாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்குப் புத்தகம் கொடுத்தேன், தங்கு தடையில்லாமல் வாசித்தாள், அப்படியே அப்பன் குரல். வோண்டாவை அழைத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, என் கையால் படத்தை மூடினேன். பிள்ளை நிறுத்திவிட்டாள். என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மிக மெதுவாக, நான் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்பதுபோல, “கையை எடுங்க சார், தெரியல” என்றாள். செவ்வாயிலிருந்து வோண்டா சொல்லச் சொல்ல எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். இன்று மூன்று எழுத்து.

உன் இருமலுக்கு அம்மா மருந்து அனுப்பியிருக்கிறாள், சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து அளவாகக் குடி. கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. உன் நூற்றைம்பது சொல்லை நீயே எழுது, என்னுடையதைப் பார்க்காதே. உன் அறையில் பட்டமில்லாத யாராவது மூலையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தால் முதலில் அவரிடம் போய்ப் பேசு. எந்தக் குழந்தையாவது அழகாக வாசித்து உனக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தால், ஒரு நிமிஷம், கையால் படத்தை மூடு. பிறகு டிக் போடு. நீயும் உன் கையில் வரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்ட,
உன் அப்பா
க்ரேம்