சீட்டுக்கு அடியில் ஒரு சிரிப்பு

3-3-2022

பெரிய கம்பெனியின் சின்ன ஆபீசர் அண்ணனுக்கு,

உன் வால் தங்கை எழுதுவது. குறையவில்லை, வளர்ந்திருக்கிறேன்.

நீண்ட தூரம் சாய்ந்து உட்கார்ந்து போகிற குரூஸர் பைக் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் உங்கள் கம்பெனி வண்டியில்தான் ஏறுகிறார்களாம். "அந்தப் பத்தாவது ஆளு நமக்குப் போதும்" என்கிறார் அப்பா. அடுத்த வருஷ வண்டிக் கண்காட்சியில் அந்த ஆள் வராவிட்டால், வண்டி கட்டும் நம் சின்னப் பட்டறைக்குப் பூட்டுதான்.

அப்பா கட்டும் புது வண்டிக்கு நீ கேட்ட வரைபடங்கள் இதோடு இருக்கின்றன. "தப்பு இருந்தா பாத்துச் சொல்றேன், அப்பா ரோஷக்காரரு, அவருகிட்ட மூச்சு விடாத" என்றாயே, விடவில்லை.

சீட்டைத் தூக்கினால் தெரியும் தகட்டைப் பார். இரண்டு ஓட்டை, கீழே வளைவாக ஒரு வெட்டு. மண்டையை உடைத்துக்கொள்ளாதே, அது எதற்குமே இல்லை. அப்பா காப்பி குடிக்கப் போன நேரத்தில் நான் வரைந்த சிரிப்பு மூஞ்சி! தகடு வெட்டி வந்ததும் ஸ்பேனரோடு துரத்தினார். பிறகு அவரே, "இருந்துட்டுப் போகட்டும், உக்காரப் போறவனப் பாத்துச் சிரிக்கட்டும்" என்றார்.

உன் வால்

20-3-2022

வாலுக்கு,

படங்கள் கிடைத்தன. தப்பு ஒன்றும் இல்லை. அப்பாவின் கை இங்கே வண்டி வரையும் நாற்பது பேருக்கும் சேர்த்தே கிடையாது. வேலை அதிகம், கொஞ்ச நாள் எழுத முடியாது. ஒழுங்காகப் படி.

அண்ணன்

14-9-2023

ஆபீசருக்கு,

கண்காட்சி முடிந்தது. உங்கள் புது வண்டி நடு மேடையில். எங்கள் வண்டி கழிவறைக்குப் பக்கத்தில். கூட்டத்துக்குக் குறைவில்லை, எல்லோரும் அவசரமாக இருந்தார்கள்.

உங்கள் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிரித்தது.

எதற்கு இந்த ஓட்டை என்று உங்கள் நாற்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? உனக்குத் தெரியுமே, அதையாவது அழித்திருக்கலாமே.

எங்களிடம் நின்ற ஒரே ஆள் சீட்டைத் தூக்கினார். "என்ன சார், ஓட்டையக்கூட விடாம காப்பி அடிச்சிருக்கீங்க?" என்றார். பத்தாவது ஆளாக இருந்திருப்பார். அப்பா சீட்டை மூடினார்.

திரும்பும் வழியில் வேனில், "நான்தாம்ப்பா அனுப்பிச்சேன்" என்றேன்.

கியரை மாற்றினார். பிறகு, "அண்ணன் கேட்டா குடுக்கத்தானம்மா செய்வே" என்றார். திட்டியிருக்கலாம்.

இன்று காலை மிச்சத் தகடுகளை எடுத்துப் போட்டு வெல்டிங் வைத்தார். கண் இரண்டையும் அவர் அடைத்தார். வாயை நான் அடைத்தேன்.

அந்த மூஞ்சியை வரைந்தவள்